நாய்க்குக் கப்பலில் இடம் கிடைத்ததாமே

சேசு மரி சூசை துணை

சாந்தோம் குப்பம்,
1935 சனவரி மாதக் கடைசி.

மகன் மரியசெல்வத்துக்கு, தாய் அந்தோணியம்மாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் தகப்பனாரும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது, ஆனால் நீ சுகம், உன் நாயும் சுகம், அதற்கு வயிற்றுப்போக்கு நின்று ரோமம் பளபளப்பாகிவிட்டது என்று நீயே எழுதிவிட்டபடியால் எனக்கு அந்தக் கேள்வி மிச்சம். எப்போதும் நான் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதுவார். அவர் நல்ல மனுஷர், நான் கழுதை என்று சொன்னால் அருமை மகனே என்று எழுதுகிறவர். இந்தத் தடவை அந்தப் பூச்சு வேலை வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்தது இதற்காவது உதவட்டும். எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே படித்துக்கொள்.

உன் கடிதாசு கோயிலில் உனக்கு முதல் ஓலை வாசித்த மறுநாள் வந்தது. ஓலை என்றால் என்ன என்று மறந்திருப்பாய், கொழும்புக் காற்று அப்படி. லூர்துசாமி மகன் மரியசெல்வத்துக்கும் அருளப்பன் மகள் சவரியம்மாவுக்கும் கலியாணம் நடக்கப்போகிறது, தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பங்குச் சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பாரே அந்த ஓலை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சாமியார் பங்களாவில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சம்மதம் என்று வாய் திறந்து சொன்னது நீதான், உன் தலையை யாரும் பிடித்து ஆட்டவில்லை. விபூதிப் புதனுக்கு முன்னால் தாலி கட்டிவிட வேண்டும், தபசுக்காலம் வந்தால் கலியாணம் கிடையாது என்று நாள் பார்த்தவனும் நீதான். அப்புறம் கப்பல் ஏறிப் போய் இந்தக் கடிதாசைப் போடுகிறாய். பியானோக் கம்பெனி வேலையை விட்டாயிற்று, மார்ச்சு மாதக் கப்பலில் பினாங்கு போகிறேன், அங்கே யார் கடையிலும் சம்பளத்துக்கு நிற்கப்போவதில்லை, வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்து என் இஷ்டப்படி பிழைப்பேன், பெல்லாவும் கூட வருகிறாள் என்று. பெல்லா என்று படித்ததும் எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அடுத்த பக்கம் திருப்பினால் பெல்லாவுக்கு நாலு காலும் வாலும் இருக்கிறது. நின்ற நெஞ்சு ஓட ஆரம்பித்ததே தவிர எரிச்சல் அடங்கவில்லை.

ஒரு முழுப் பக்கம் அந்த நாய்க்கு எழுதியிருக்கிறாய். சீமைக்குத் திரும்பிப்போன துரைசாணி விட்டுவிட்டுப் போனதாம், அவள் வீட்டுப் பியானோவுக்கு நீ போகும்போதெல்லாம் அடியில் வந்து படுத்துக்கொள்ளுமாம், அது படுத்திருந்தால் உனக்குக் காது கூர்மையாகிறதாம். கப்பல் மேல்தட்டில் அதற்கு மரப்பெட்டி வைக்க இடம் கிடைத்ததாம், வெயில் படாமல் கித்தான் கட்டச் சொல்லியிருக்கிறாயாம், அலையில் தலை சுற்றாமலிருக்க நாய் டாக்டரிடம் மருந்து கேட்டாயாம். ஏனடா, உன் தகப்பன் கட்டுமரத்தில் போகும்போது அலையில் தலை சுற்றுகிறதா என்று இந்த வயது வரைக்கும் ஒரு நாள் கேட்டிருப்பாயா? இந்தக் குப்பத்தில் நாய்க்குப் பஞ்சமா, மீன் குடலைத் தின்றுவிட்டு மணலில் புரளுகிற நாய்களுக்கு யார் கித்தான் கட்டினார்கள்? சுருதி சேர்க்க வருகிறவன் நாயோடு வந்தால் எந்த வீட்டு அம்மாள் ஜமுக்காளம் விரித்த அறைக்குள் விடுவாள் என்று யோசித்தாயா? நீ பார்த்த ஒரு துரைசாணி விட்டாள் என்பதற்காக உலகத்தில் உள்ள துரைசாணி எல்லாம் விடுவார்களா?

தொழிலைப் பற்றியும் கேட்டுக்கொள். உனக்குக் கதவு திறந்தது கம்பெனிப் பெயருக்கு. மௌண்ட் ரோட்டுக் கடையில் தூசி துடைக்கப் போனவனை வேலை கற்றுக்கொடுத்து, கொழும்புக் கடைக்கு அனுப்பி, கோட்டுப் போட வைத்தார்கள். அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு தோல் பையும் சைக்கிளும் வைத்துக்கொண்டு, பெயர் அச்சடித்த சீட்டை வீட்டு வாசல்களில் கொடுத்துக்கொண்டு போவேன் என்கிறாய். சீட்டைக் கொடுத்தால் பியானோ கெட்டுப்போய்விடுமா? ஊமைப்படம் போய்ப் பேசும்படம் வந்தபிறகு கொட்டகைகளில் பியானோவை மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள் என்று நீதானே போன வருஷம் எழுதினாய். இதை நான் உன் தகப்பனாரிடம் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "நம்ப தொழிலு மட்டும் இன்னா, மாசச் சம்பளமா? இன்னிக்கு மீனு கீது, நாளைக்கு கெடையாது. எவன் கையைக் கட்டிக்கினு நிக்கிறோம்?" என்கிறார். கேட்டுக்கொள், உனக்கு ஒரு வக்கீல் இருக்கிறார். அந்தப் பிழைப்பு வேண்டாம் என்றுதானே உன்னைக் கடல் பக்கம் விடாமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினேன் என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் குப்பம்மா அடுப்பை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவர் வலையைச் சுருட்டி மூலையில் போட்டார். முட்டி வலி என்று கடலுக்கும் போகவில்லை. வலி முட்டியில்தானா என்று எனக்குத் தெரியாது.

பினாங்கு எப்படிப்பட்ட ஊர் என்று விசாரித்தேன். நல்லதுக்கு விசாரிக்கவில்லை, நாலு கெட்ட வார்த்தை கேட்டு உனக்கு எழுதலாம் என்றுதான் விசாரித்தேன். ராயப்பேட்டையில் என்னிடம் வஞ்சிரம் வாங்குகிற அமீனா பீயின் புருஷன் பீர் முஹம்மது அங்கேதான் கடை வைத்திருக்கிறார். அவள் என்னடா என்றால், "நல்ல ஊருமா, சீனாக்காரங்கோ வூட்ல கூட பியானோ கீதாம், மழை ஜாஸ்தி, பியானோ மரமெல்லாம் ஊறிக்கினு கெட்டுப்பூடுமாம், உம் புள்ளைக்கு வேலைக்கு பஞ்சமே கெடையாது" என்று என் வாயை அடைக்கிறாள். அவள் புருஷன் போய் எத்தனை வருஷம் ஆயிற்று, எத்தனை தடவை வந்தார் என்று கேட்டேன். மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் பேரமும் பேசவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. கட்டுமரத்தில் போகிறவன் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவான், வராவிட்டால் நாலு பேர் தேடிப் போவார்கள். கப்பலில் போகிறவனை யார் தேடுவது? எனக்குப் பயம், மரியசெல்வம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய், கோபம்தான், ஆனால் அடியில் பயமும் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்.

ஆனால் நான் எழுத வந்தது பினாங்கும் இல்லை நாயும் இல்லை. உன் கடிதாசை நான் முதலில் படித்தேன், அப்புறம் உன் தகப்பனாரை உட்கார வைத்துப் படித்தேன், அப்புறம் தனியாகப் படித்தேன். சவரியம்மா என்ற பெயரே அதில் இல்லை. கலியாணம் என்ற வார்த்தை இல்லை. அவளை அழைத்துப் போகிறாயா, இங்கே விட்டுப் போகிறாயா, வேண்டாம் என்கிறாயா, ஒன்றும் இல்லை. அருளப்பன் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரையும் கடல் கொண்டுபோயிற்று. கடலுக்குப் போகாத மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த மனுஷன் நம் வீட்டு வெற்றிலைத் தட்டைத் தொட்டான். அவனிடம் நான் எந்த முகத்தோடு போவேன்? எப்படியும் அடுத்த தபாலில் புத்தி வந்து எழுதுவாய் என்று கடிதாசை இடுப்பில் செருகிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஓலையில் பெயர் வந்ததும் கழுத்து வரைக்கும் சிவந்து போகிறாள், என் இடுப்பில் உன் கடிதாசு தணலாகச் சுடுகிறது. அந்த வாரமும் தபால் வந்தது. எல்லோர் வீட்டுக்கும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. சாமியார் உன் பெயரை வாசித்தார், அவள் பெயரை வாசித்தார், தடை தெரிந்தும் மறைக்கிறவர்கள் பாவத்துக்கு உள்ளாவார்கள் என்றார். வருஷா வருஷம் கேட்கிற வார்த்தை, யாரும் எழுந்ததில்லை, சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் முட்டிக்கால் போட ஆரம்பித்துவிடுவார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நிற்க வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துப் போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கால் தானாக எழுந்தது. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "தடை கீது சாமி. மாப்பிள்ளைய பெத்தவ நான், நானே சொல்றேன். அவன் வேலைய வுட்டுட்டான், கப்பலேறி எங்கியோ போறான், இந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லலை" என்றேன். கோயிலில் என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆண்கள் பக்கத்தில் உன் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். கோயில்பிள்ளை கையில் மணியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறான், அடிக்க மறந்துவிட்டான். சாமியார் ஓலையை மடித்துப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, அம்மா நீங்கள் பூசை முடிந்து பங்களாவுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். சவரியம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கப்பட வேண்டியவன் நீ. அருளப்பன் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். அடிக்க வருவான் என்று பார்த்தேன், அந்த மனுஷன் அழுதுவிட்டான். "தரைல நிக்கிற மாப்பிள்ளன்னு சொன்னியே தங்கச்சி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். என் கூடக் கூடை தூக்குகிற பாஞ்சாலி, "இன்னாமே அந்தோணி, பெத்த புள்ளைய நீயே காட்டிக் குடுத்துட்டியே" என்கிறாள். குப்பம்மா நான் செய்ததுதான் சரி என்கிறாள். குப்பத்தில் தண்ணீர் எடுக்கப் போனால் இரண்டு கட்சி. என் மனசில் நான் சரியாகத்தான் செய்தேன் என்று இருந்தது. ஏமாந்த பெண் என்ற பெயர் அவளுக்கு வராமல், ஏமாற்றினவன் என்ற பெயர் உனக்கே வரட்டும் என்று நான் பெற்ற பிள்ளையைச் சபையில் விட்டுக்கொடுத்தேன். இதை விட ஒரு தாய் என்ன செய்ய முடியும் என்று திங்கட்கிழமை காலை வரைக்கும் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை சவரியம்மா வந்தாள். அழுத முகம் இல்லை. அவள் மடத்தில் லேஸ் பின்னுகிற பெண் என்று உனக்குத் தெரியும், லேஸ் பின்னுகிற சட்டத்தையும் ஊசியையும் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள், இங்கிருந்து நேராக வேலைக்குப் போகிறாளாம். கடிதாசைக் கொடு அத்தே என்றாள். கொடுத்தேன். நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். நாய்ப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். முடித்துவிட்டுக் கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். வெறும் தாள். அதை அவள் பார்த்ததை நான் பார்த்தேன், மரியசெல்வம், அதற்காக உன்னை நான் மன்னிப்பது கஷ்டம்.

ஆனால் அவள் கோபம் உன் மேல் மட்டும் இல்லை. "நீ ஏன் அத்தே எழுந்து நின்ன?" என்று என்னைக் கேட்டாள். உனக்காகத்தானே என்றேன். "எனக்கு தடை கீதா இல்லியான்னு எனக்குத்தானே தெரியும். ஒரு வார்த்தை கேட்டியா? அவரும் கேக்கல, நீயும் கேக்கல. பினாங்குக்கு வரமாட்டேன்னு நானா சொன்னேன்? எங்க நைனா தான் சொல்லுது. எனக்கு கப்பலு பயம் கெடையாது. இந்த ஊசி எந்த ஊர்லயும் குத்தும்" என்றாள். அப்புறம் கடிதாசை மடித்து என் கையில் கொடுத்து, "அந்த நாய்க்கு நான் சோறு போடமாட்டேன்னு நெனச்சிக்கினாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளைப் போக விட்டுவிட்டு நான் கூடையைத் தலையில் வைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன், அன்றைக்கு மீன் பாதி கெட்டது. நான் செய்தது தப்பு என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாமியாரிடம் மறுபடி போனேன். உன் கைப்பட ஒரு கடிதாசு வந்து, பெண்ணும் சரி என்று அவர் முன்னால் சொன்னால், நின்றுபோன மூன்றாம் ஓலையை மறுபடி வாசிக்கலாம், விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் பொறுத்துப் பார்ப்பேன், அதற்கு மேல் அந்தப் பெண்ணைக் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை என்றார். அருளப்பன் சம்மதிப்பானா என்று கேட்டேன். அது அந்தப் பெண்ணின் சாமர்த்தியம் என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? உன் கப்பல் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்றுகூட நீ சரியாக எழுதவில்லை. நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டிய வேளை மட்டும் எழுதியிருக்கிறாய்.

பினாங்கு போகாதே என்று இனிமேல் நான் எழுதப்போவதில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளையை நான் பெறவில்லை. போனால் மழையில் நனைந்துவிட்டு ஈரத் துணியோடு உட்கார்ந்து வேலை செய்யாதே, சிறு வயதிலிருந்தே உனக்கு நெஞ்சுச் சளி. ஞாயிறு பூசையை விடாதே. நாயை முகத்தை நக்க விடாதே, படுக்கையில் விடாதே. வேலை கிடைக்காத நாளில் கௌரவம் பார்த்துப் பட்டினி கிடக்காதே, அமீனா பீயிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பீர் முஹம்மது கடையில் போய் உன் பெயரைச் சொன்னால் சோறு போடுவார். கேவலமாக இருந்தாலும் போய்ச் சாப்பிடு. உன் தகப்பனார் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மாதா உன்னைக் காப்பாற்றட்டும், கடலிலும் கரையிலும். என் ஆசீர்வாதமும் உண்டு, அதைக் கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதாசுக்கு எனக்குப் பதில் போடாதே. போட்டால் பிரிக்கமாட்டேன். அவளுக்குப் போடு. வா என்றால் வா என்று எழுது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, ஒரு வரியானாலும் அவள் பெயருக்கு எழுது. அருளப்பன் வீட்டுக்குப் போட்டால் அந்த மனுஷன் கிழித்துவிடுவான், ஆகவே சவரியம்மாள் என்று பெயரும் நம் வீட்டு விலாசமும் எழுது. அவள் தபாலுக்காக வாசலில் வந்து நிற்கமாட்டாள், ரோஷக்காரி. நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அந்தோணியம்மாள்.